விலாசம் மாறக் கூடாது

பிரிட்ஜ் கதவில் யாழ்ப்பாணம் ஒட்டியிருந்தது. நூலகத்து அட்லஸ் ஒன்றிலிருந்து பெருப்பித்துப் பிரதி எடுத்த படம். ஊர்ப் பெயர்களையும் நகரத்தின் தெருப் பெயர்களையும் நானே கையால் எழுதியிருந்தேன். வடமராட்சிப் பக்கம் மகளின் பால்மா சிந்திக் காய்ந்து, கடலுக்குள் இல்லாத ஒரு வெள்ளைத் தீவு உண்டாகியிருந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, ஏழு மாதப் பிள்ளையை இடுப்பிலும் தொலைபேசியைத் தோளிலுமாக வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். ரொறன்ரோவில் அப்போது ஓர் இலக்கத்துக்கு எடுத்தால் ஒலிப்பதிவு செய்த தமிழ்ச் செய்தி ஓடும். நாளுக்கு இரண்டு தரம் மாற்றுவார்கள். ஊரில் ஆள் வைத்திருந்த அத்தனை பேரும் அதே இலக்கத்துக்கு எடுத்ததால் எப்போதும் எங்கேஜ். மீண்டும் மீண்டும் அழுத்தி அந்தப் பொத்தானில் இருந்த எழுத்தே அழிந்துவிட்டிருந்தது.

பத்துத் தரத்துக்கு மேல் அழுத்திய பிறகு இணைப்புக் கிடைத்தது. நிதானமான ஓர் ஆண் குரல். ஆமி நகரத்தை நெருங்கியதால் நேற்று மாலை யாழ்ப்பாணத்தில் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தல் சொன்னதாம். எல்லாரும் உடனே வெளியேற வேண்டும், தென்மராட்சிக்குப் போக வேண்டும். நேற்று இரவு முழுக்கவும் இன்று பகல் முழுக்கவும் சனம் மழைக்குள் நடந்துகொண்டிருக்கிறதாம்.

இரண்டு நாளுக்கு முன்னர்தான் கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருந்தோம். வித்தியாசம் ஒன்பதரையா பத்தரையா என்று விரல் விட்டுப் பார்த்தேன். எங்களுக்குக் காலை எட்டரை. அங்கே இரவு ஏழு. இரண்டாவது இருட்டும் வந்துவிட்டது.

அம்மாவும் அப்பாவும் இப்போது எந்த இடத்தில் நடந்துகொண்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. அப்பாவால் நடக்க முடியாது. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் விழுந்து இரண்டு வருடம். அதற்குப் பிறகுதான் மற்றதும் நினைவு வந்தது. பிள்ளையைத் தரையில் இருத்திவிட்டு நானும் தரையில் இருந்துவிட்டேன்.

நான் எழுதிய கடிதம்

போன கிழமை இந்தப் பத்தியில் நான் படிப்பித்த நாட்களைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு அஜின்கோர்ட்டிலிருந்து ஓர் அன்ரி தொலைபேசியில் கேட்டார். "பிள்ளை, வாசிக்கச் சந்தோசமா ஒண்டும் உனக்கு நடக்கேல்லையோ?" நடந்தது, அன்ரி. ஆனால் இந்தக் கிழமை அதை எழுத முடியாது.

இந்தக் கிழமைக்கு உரியது ஒரு கடிதம். அந்த வருடம் ஆவணியில் நான் அம்மாவுக்கு எழுதியது.

அப்பா அம்மாவுக்கு நான் ஸ்பொன்சர் போட்டிருந்தேன். நான் ஒரே பிள்ளை. பார்க்டேலில் நாங்கள் இருந்த அந்தக் கட்டடத்தில் பாதிப் பேரின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவளும் நான்தான். ஊரில் புவியியல் படிப்பித்தவள், ஆங்கிலம் எழுதுவாள், பிழை விடமாட்டாள் என்று ஒரு பெயர். எல்லாருக்கும் நான் "ரீச்சர்".

ஆடி மாதம் ஆமி ஒருதரம் முன்னுக்கு வந்து பின்வாங்கியது. அப்போது அம்மா அப்பாவைக் கரியரில் மெத்தை கட்டிய சைக்கிளில் ஏற்றித் தெரிந்தவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்து, இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். அந்த இடைவெளியில் தூதரகத்திலிருந்து போன ஒரு கடிதம் ஆளில்லை என்று திரும்பிவிட்டது. எனக்கு இங்கே ஒரு அறிவித்தல் வந்தது. விலாச மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்கவும், தவறினால் விண்ணப்பம் தாமதமாகலாம்.

நான் பயந்துபோனேன். பெரிய பயங்களை நெஞ்சுக்குள் தூக்கி வைக்க முடியாதபோது மனம் சிறிய பயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஷெல்லை விட, தவறிப்போன அந்தக் கடிதம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உடனே எழுதினேன்.

"அம்மா, இனி என்ன நடந்தாலும் இந்த விலாசத்தை விட்டு அசைய வேண்டாம். விலாசம் மாறக் கூடாது. இன்னொரு கடிதம் தவறினால் மேலும் இரண்டு வருடம் போய்விடும். அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தவும்."

"என்ன நடந்தாலும்" என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தேன். படிப்பித்த காலத்துப் பழக்கம்.

அப்பா முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். எழுத்தில் வந்த எதையும் மீறமாட்டார். இது எனக்குத் தெரிந்தே எழுதினேன்.

ஒட்டுப்பொட்டு

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, குண்டூசி குத்தக் கூடாது. அதனால் யுத்தம் பிரிட்ஜ் கதவுக்கு வந்தது. அடையாளம் வைக்க என்னிடம் இருந்தது ஒட்டுப்பொட்டு மட்டும்தான். ஆமி நிற்பதாகத் தொலைபேசிச் செய்தி சொல்லும் இடத்தில் சிவப்புப் பொட்டு. கொழும்பு அரசாங்கம் பிடித்துவிட்டோம் என்று சொல்லும் இடத்தில் கறுப்புப் பொட்டு.

கறுப்பு எப்போதும் சிவப்புக்கு இரண்டு மூன்று மைல் தெற்கே நிற்கும். இரண்டு நாளில் சிவப்பும் அங்கே வந்து சேரும். அச்சுவேலியிலும் அப்படித்தான், புத்தூரிலும் அப்படித்தான். நீர்வேலியில் மட்டும் இரண்டும் ஒரே நாளில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டின. நீர்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் அரை மணித்தியாலம்.

கட்டடத்தில் எல்லாருக்கும் படம் தெரிந்துவிட்டது. லிப்டில் சந்தித்தால் சுகம் விசாரிப்பதற்குப் பதிலாக "இப்ப எதிலை நிக்கிறான், ரீச்சர்?" என்பார்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஈரத் துணியோடு நின்று கேட்பார்கள். நான் சொல்வதைக் கேட்டு முகம் மாறுவதைப் பார்க்கும்போது, ஆமியை நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேனோ என்று இருக்கும்.

இவர், என் கணவர், காலையில் பாண் தொழிற்சாலைக்குப் போய்ப் பின்னேரம் வருவார். வந்ததும் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தாக வேண்டும்.

"மாலி, உதைக் கழட்டன்," என்றார் ஒருநாள். "பால் எடுக்கப் போனாலும் ஆமி, முட்டை எடுக்கப் போனாலும் ஆமி."

"கழட்டினா நிண்டிடுவாங்களோ?"

"ஒட்டினா மட்டும் நிண்டவங்களோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததற்காக அன்று முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உள்ளுக்கு விட்டு அடிக்கிறது

ஆறாம் மாடியில் செல்வம் அண்ணை இருந்தார். நாற்பது வயது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அகதி வழக்கு முடிந்தும் அவர்களைக் கூப்பிடக் காகிதம் வந்து சேரவில்லை. அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நான்தான்.

அந்தக் காலை நான் தரையில் இருந்தபோது அவர்தான் முதலில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ரீச்சர், கேட்டனீங்களோ?"

"கேட்டனான், அண்ணை."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இது பிளான். சனத்தை எடுத்துப்போட்டு, அவனை உள்ளுக்கு விட்டு அடிக்கப் போறாங்கள். அவன் வரட்டும். வந்தானெண்டால் ஒருத்தனும் திரும்பிப் போகான்."

"நீர்வேலியிலையும் இதைத்தானே சொன்னனீங்கள், அண்ணை."

"அது சின்ன உள்ளு. இது பெரிய உள்ளு."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களில் டொனட் கடைகளிலும் கோயில் வாசலிலும் ஆண்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். உள்ளுக்கு விட்டு அடிப்பினம். நம்பித்தான் சொன்னார்களா, சொல்லாவிட்டால் நிற்க முடியாது என்று சொன்னார்களா, எனக்குத் தெரியாது.

"உங்கடை அம்மா அப்பா வெளிக்கிட்டிருப்பினம்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. வெளிக்கிட்டிருப்பினம்," என்றேன். கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

விட்டுப்போன தெரு

பக்கத்து வீட்டில் ஜெசீமா இருந்தாள். யாழ்ப்பாணத்து முஸ்லிம். என் வயதுதான். கணவர் விமான நிலையத்துக்கு ரக்சி ஓட்டினார். அவள் வீட்டில் இருந்தபடி தைத்தாள். காலை பத்து மணிக்கு மெசினை நிறுத்திவிட்டு வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போவாள். நான் அந்த நேரத்தில் குளிப்பேன், இல்லாவிட்டால் அந்த இலக்கத்துக்கு எடுப்பேன்.

அதற்கு ஐந்து வருடத்துக்கு முதல் ஓர் ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னது. அவள் அப்படி வந்தவள். நான் அவளோடு ஒன்றரை வருடம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவளும் தொடங்கவில்லை. கோழிக்குப் போடும் சரக்கு, பிள்ளையின் காய்ச்சல், வீட்டுப் பொறுப்பாளனின் குணம், இவைதான் எங்கள் பேச்சு.

அன்றைக்கு அவள் வந்தபோதும் நான் தரையில்தான் இருந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கினாள். பிறகு முதல் தடவையாகப் படத்தின் கிட்டப் போய் நின்று பார்த்தாள். விரலால் ஆஸ்பத்திரி வீதியில் தொடங்கி மேற்கே போனாள். விரல் ஒரு வெற்றிடத்தில் நின்றது.

"எங்கடை தெருவை விட்டிட்டீங்களே, ரீச்சர்."

எழுந்து பார்த்தேன். உண்மைதான். சந்து பொந்தெல்லாம் எழுதியிருந்த நான் முஸ்லிம்கள் வாழ்ந்த அந்தப் பகுதி முழுவதையும் வெறுமையாக விட்டிருந்தேன். வேண்டுமென்று விடவில்லை. அப்படிச் சொன்னால் கூடுதலாக வெட்கமாக இருக்கிறது. அங்கே ஆட்கள் இல்லாமல் போன பிறகு அந்த இடமே என் மனதில் இல்லாமல் போயிருக்கிறது. புவியியல் ரீச்சர்.

அவள் பிரிட்ஜின் மேலிருந்த பேனையை எடுத்து, பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டே, தன் தெருவின் பெயரை எழுதினாள். சின்ன, வடிவான எழுத்து.

"எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தவை," என்றாள். "உங்களுக்கு ஒரு ராத்திரி. கொஞ்சம் முன்னேற்றம்தான்."

பேனையைப் பிரிட்ஜின் மேலே திருப்பி வைத்தாள்.

"அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள், ரீச்சர்?"

"வீட்டிலை."

"வெளியிலை வந்து பாக்கேல்லையோ?"

"அப்பா கேற்றைப் பூட்டச் சொன்னவர். பூட்டினனான்."

அவள் தலையாட்டினாள். கோபமாகவா, சரி என்றா, தெரியவில்லை. பிள்ளை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. அவள் மெல்ல அந்த விரலை விடுவித்தாள்.

அப்போதுதான் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். கோடு போட்டது வரைக்கும் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆறுதல் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததால் இருக்கலாம்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "திரும்ப எடுங்கோ," என்றாள், தொலைபேசியைக் காட்டி. "புதுச் செய்தி மாத்தியிருப்பாங்கள். பிள்ளையை நான் பாக்கிறன்." அன்று மாலை ஐந்து மணி வரைக்கும் பிள்ளை அவளிடம்தான் இருந்தது.

ஒளித்து வைத்த சந்தோசம்

அடுத்த கிழமைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி வரத் தொடங்கியது. வவுனியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கிருந்து கொழும்புக்குச் சொல்ல, கொழும்பில் இருந்தவர்கள் இரண்டு தரம் மணி அடித்துவிட்டு வைப்பார்கள். அதுதான் திருப்பி எடு என்பதற்கு அடையாளம். அந்த இரண்டு மணிக்காகக் கட்டடம் முழுவதும் காத்திருந்தது. சுவர் மெல்லியது. பக்கத்தில் யார் வீட்டு மணி அடித்தாலும் நான் பிள்ளையோடு ஓடிப்போய் என் தொலைபேசியைத் தூக்குவேன். உள்ளே வெறும் இரைச்சல்தான் இருக்கும்.

தென்மராட்சிக்குப் போகும் நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம் பிடித்ததாம். குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீர் சேர்த்துக் குடித்தார்களாம். வயோதிபர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்களாம். சிலரை வழியில் வைத்துவிட்டு வந்தார்களாம். ஒவ்வொரு செய்தியிலும் என் அப்பாவைத் தேடினேன். தள்ளுவண்டியிலா, வழியிலா.

ஒருநாள் செல்வம் அண்ணை லிப்டில் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். கையில் ஒரு கேக் பெட்டி. அதைத் தன் ஜக்கெற்றுக்குள் மறைக்கப் பார்த்தார். அது மறையவில்லை.

"வந்திட்டினமோ, அண்ணை?"

"ஓம் ரீச்சர். கிளிநொச்சியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை நிக்கினமாம். மூண்டு பேரும்." பிறகு அவசரமாக, "உங்கடையாக்களும் அங்கினைதான் எங்கையாவது நிப்பினம். பேர் பதிஞ்சிருக்க மாட்டினம்," என்றார்.

அவர் அழுதார். பிள்ளைகள் கிடைத்ததற்காக அழவேண்டிய மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல அழுதார். நான் கேக் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ஆறாம் மாடி வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். சந்தோசம் என்று சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.

முதல் பனி விழுந்து நின்ற பிறகு ஒருநாள், யாழ்ப்பாண நகரத்தின் நடுவில் அரசாங்கம் தன் கொடியை ஏற்றியது. அன்று தொலைபேசிச் செய்தியும் அரசாங்கச் செய்தியும் ஒன்றையே சொன்னன. உள்ளுக்கு விட்டு அடிக்கும் கதையை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் எங்கள் தெருவில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டினேன். பொட்டு எங்கள் வீட்டை விடப் பெரிதாக இருந்தது. பிறகு முழுப் படத்தையும் உரித்து எடுத்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பசை போக இரண்டு நாள் தேய்த்தேன்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும், தொட்டில் கம்பியைத் துடைக்கும்போதும், அந்த வசனம் ஓடியபடி இருக்கும். என்ன நடந்தாலும் அசைய வேண்டாம். எந்த நாளில் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்பேன். தபால் ஏற்றிய கப்பல் பிந்தியிருந்தால் நல்லது. கடலில் விழுந்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்று வரி

வசந்தத்தில், மரங்கள் இன்னும் மொட்டையாக நின்ற ஒரு காலையில், உறை இல்லாத ஒரு திறந்த தாள் வந்தது. நிவாரணக்காரர்கள் கொண்டு வந்து சேர்க்கும் தாள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். அம்மாவின் கையெழுத்து.

"அப்பா கார்த்திகையில் மோசம் போனார். நான் சுகமாக இருக்கிறேன். வீடு இருக்கிறது."

வேறு ஒன்றும் இல்லை. விலாசம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு விலாசம். மாறாத விலாசம். அம்மா நின்றிருக்கிறார். முழு நகரமும் போன பிறகு அப்பாவோடு அங்கேயே நின்றிருக்கிறார்.

இவர் என்னைப் பிடித்துக்கொண்டு அழவிட்டார். எனக்கு அப்பாவுக்காக அழத் தெரியவில்லை. நான் எனக்காக அழுதேன். ஜெசீமா மூன்று நாள் எங்களுக்குச் சமைத்தாள்.

கொழும்பிலிருந்து

அந்தக் கோடையில் அம்மா கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். மருத்துவப் பரிசோதனைக்குத் தூதரகம் கூப்பிட்டிருந்தது. தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி அடித்தது. எடுத்தேன். நான்கு வருடத்துக்குப் பிறகு அம்மாவின் குரல்.

முதலில் பேத்திக்குப் பல்லெல்லாம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வது போல, ஒரே குரலில்.

"மைக்கிலை கத்தினாங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டில் கொண்டுவந்தவர், இவரை ஏத்துவமெண்டு. கொப்பர் என்னைப் பாத்து, நீ போ, என்னை விடு எண்டார். அந்த மழைக்குள்ளை வண்டிலிலை இவர் பாலம் மட்டும் தாங்கமாட்டாரெண்டு நான் வண்டிலைத் திருப்பி அனுப்பிப்போட்டன். பிறகு இயக்கப் பொடியங்கள் ரெண்டு பேர் கேற்றடியிலை வந்து, அம்மா ஒருத்தரும் நிக்கேலாது, வெளிக்கிடுங்கோ எண்டாங்கள். நான் கேட்டன், தம்பி, இவரைப் பாலம் மட்டும் நீ தூக்கிக்கொண்டு வருவியோ எண்டு. திரும்பிப் போயிட்டாங்கள்."

"அம்மா..."

"கேள். மூண்டு கிழமை நல்லாத்தான் இருந்தார். காய்ச்சலொண்டு வந்தது. ஷெல்லாலை இல்லை, பிள்ளை, காய்ச்சலாலைதான். தெருவிலை வேறை ஆரும் இல்லை. மாதா கோயில் மணி அடிக்கிற மரியதாஸ் மட்டும் நிண்டவர். அவர் வேதக்காரன், எங்கடை முறை தெரியாது. எனக்கும் தெரியாது, பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லைத்தானே. சுடலைக்குக் கொண்டுபோக வழியுமில்லை. வீட்டு வளவுக்குள்ளை வச்சம். ஒரே மழை, விறகெல்லாம் ஊறிப்போச்சு. வீட்டுக்குள்ளை இருந்த கதவுதான் காய்ஞ்ச மரம். எல்லாத்தையும் கழட்டினம். இரவிலை எரிச்சா வெளிச்சத்துக்கு அடிப்பாங்களெண்டு பகலிலை எரிச்சம். நான்தான் கொள்ளி வச்சன்."

எனக்கு அண்ணன் தம்பி இல்லை. கொள்ளி வைக்க ஒரு மகன் இல்லை என்று சொந்தக்காரர் அப்பாவிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் அன்று பாலத்துக்கு அப்பால் நின்றார்கள்.

"புகையைக் கண்டிட்டுப் பிளேன் ஒண்டு ரெண்டு தரம் சுத்தினது," என்றார் அம்மா. "மரியதாஸ் படிச்சுக்கொண்டு நிண்டார், தன்ரை செபம். நான் நிப்பாட்டச் சொல்லேல்லை. ஏதோ ஒண்டு சொல்லவேணும்தானே."

"ஆமி வந்தபிறகு?"

"வந்தாங்கள். பள்ளிக்கூடத்திலை முகாம் வச்சிருக்கிறம், அங்கை வந்திருங்கோ எண்டான் ஒரு பெரியவன், தமிழிலை. நான் சொன்னன், ஐயா, எங்கடை பொடியள் சொல்லியே நான் போகேல்லை, நீ சொல்லிப் போவனோ எண்டு."

தொலைபேசியில் என் குரல் எனக்கே இரண்டு தரம் எதிரொலித்தது. கேட்டேன்.

"அம்மா, நான் ஆவணியிலை ஒரு கடிதம் எழுதினனான். விலாசம் மாறக் கூடாதெண்டு. அது வந்ததோ?"

"ஓம், வந்தது. கொப்பர் என்னைக் கொண்டு ரெண்டு தரம் வாசிப்பிச்சவர். பிறகு ஒரே சிரிப்பு, அந்த வாய் ஒரு பக்கம் இழுக்க இழுக்கச் சிரிச்சவர்."

"ஏன்?"

"எல்லாரும் எங்களை எழும்பி ஓடு ஓடெண்டு சொல்லுறாங்கள், கனடாக்காரர்தான் இருந்த இடத்திலை இருக்கச் சொல்லுறாங்கள் எண்டு."

"அதாலையோ நிண்டனீங்கள்?"

"உனக்கென்ன விசரோ? ஒரு கடுதாசிக்கு நிக்கிற ஆளோ நான்?"

அம்மா உண்மையாகவே கோபப்பட்டார். பத்து மாதம் நான் அந்தக் கடிதத்தைச் சுமந்து திரிந்தேன். அந்தப் பத்து மாதத்தில் ஒருநாளாவது, அம்மா தானாக முடிவெடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா எழுத்துக்குக் கட்டுப்படுவார் என்று யோசித்தேன், என் கோடு போட்ட வசனத்தை யோசித்தேன், கப்பலை யோசித்தேன். அம்மாவை மட்டும் யாரோ சொல்ல நிற்பவராக, யாரோ சொல்ல நடப்பவராகவே வைத்திருந்தேன்.

ஆனாலும் இதை எழுதும்போது ஒரு சந்தேகம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கோபப்பட்டாரா? கேட்டால் சொல்லப்போவதில்லை.

"சரி, மெடிக்கல் எப்ப?" என்றேன். "முடிச்சா மார்கழிக்கு முதல் வந்திடலாம். கட்டிலெல்லாம் வாங்கிப்போட்டம்."

"மெடிக்கலுக்கு நான் போகேல்லை, பிள்ளை."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை திருகோணமலைக்குப் போறன். கப்பலுக்குப் பேர் குடுத்தாச்சு. சனம் திரும்பி வருகுது. வீட்டுக்குக் கதவில்லை. வாசலிலை சீலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறன், ரோந்து போறவன் ஒவ்வொருத்தனும் விலத்திப்போட்டுப் பாக்கிறான். முதல் கதவு போடவேணும்."

"அம்மா, உங்களுக்கென்ன, அந்த வீட்டிலை தனிய? இஞ்சை பிள்ளை இருக்கு, நான் இருக்கிறன். இதுக்காக நான் எத்தினை வருசம்..."

"தெரியும்," என்றார் அம்மா. குரல் முதல் தடவையாகத் தணிந்தது. "நீ பிழையா நினையாதை. அவரை எரிச்ச வளவு அது. அதை ஆமிக்காரன் காவலிருக்க விட்டிட்டு வரேலாது."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வீதித் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஒன்று மணியடித்துப் போனது.

"கதவுக்குப் பிணைச்சல் வாங்கிப்போட்டன், புறக்கோட்டையிலை," என்றார். "எட்டுச் சோடி. அங்கை ஒண்டும் எடுக்கேலாது. ஆனா கப்பலிலை இரும்பு விடுறாங்களோ தெரியாது. செக் பண்ணுறாங்களாம்."

"விடாட்டி என்ன செய்வீங்கள்?"

"சீலைக்குள்ளை இடுப்பிலை கட்டிக்கொண்டு போவன்," என்றார் அம்மா. "கிழவியை ஆர் தடவிப் பாக்கப் போறான்."

"கவனம், அம்மா," என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அதுதான்.